தொடக்கப்பள்ளிச் சிறுமிகளுக்கு ஒரு வாசிப்பு வட்டம்: அனுமதி வாங்குவதிலிருந்து அடுத்த புத்தகம் வரை

பிள்ளைகள் ஒரே புத்தகத்தைப் படித்துவந்து கூடிப் பேசும் வாசிப்பு வட்டம் தொடங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு வருகிற ஆசிரியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்றுதான். அது நான்காவதாகக் கேட்கவேண்டிய கேள்வி. புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற பிள்ளைகளையும் நேரத்தையும் தேடிய வட்டங்கள் இரண்டு மூன்று சந்திப்புகளிலேயே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

இது 3ஆம் வகுப்பு முதல் 5ஆம் வகுப்பு வரை, ஏறத்தாழ 8 முதல் 10 வயது வரை உள்ள சிறுமிகளுக்கானது. அதைவிடச் சிறியவர்களுக்கு நாம் சத்தமாகப் படித்துக்காட்டும் கதை நேரமே போதும்.

வகுப்பில் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிய சிறுமி, மிஸ் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லப் பழகியிருப்பாள். அவள் தனக்குத் தோன்றியதைத் தன் வாயால் சொல்வதற்குத்தான் இந்த வட்டம். ஒவ்வொரு படியிலும் எதைச் செய்வது, எதை விடுவது என்ற குழப்பம் வரும்போது இதை நினைத்துக்கொண்டால் பாதை தெரிந்துவிடும்.

1. அனுமதி, நேரம், இடம்

தலைமை ஆசிரியரிடம் போகும்போது ஒரே தாளில் நான்கு விவரங்களை எழுதிக்கொண்டு போங்கள்: எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த அறை, யார் பொறுப்பு. வாய்வார்த்தையாக வாங்கிய அனுமதி, தேர்வு நெருங்கியதும் காற்றில் போய்விடும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 45 நிமிடம் என்பது சரியாக இருக்கிறது. வாரந்தோறும் வைத்தால் மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்குப் பக்கங்கள் மலைபோலச் சேரும். மாதம் ஒருமுறை என்றால் முன்பு படித்தது மறந்துவிடும்.

விளையாட்டு பீரியடை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜன்னல் வழியே தோழிகள் ஓடியாடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் புத்தகம் தண்டனையாகத்தான் தெரியும்.

பெற்றோருக்குப் போகும் கடிதத்தில், பள்ளி முடிந்தபின் நடக்கும் வட்டமானால் யார் வந்து அழைத்துப்போவார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். "இதற்கு மதிப்பெண்ணோ தேர்வோ கிடையாது. வீட்டில் கதையைப் பற்றிக் கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டாம்" என்ற வரியும் அதில் கட்டாயம் இருக்கட்டும். இந்த வரியை விட்டுவிட்ட ஆண்டில், ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் சுருக்கம் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு ஒரு பிள்ளை வந்தாள். கதையைப் பற்றி அவளுக்கென்று ஒன்று தோன்றவே அந்தச் சுருக்கம் இடம் விடவில்லை.

அறைக் கதவு திறந்திருக்க வேண்டும். இன்னொரு பெரியவர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். பெஞ்சுகளை நகர்த்த முடியாத அறையானால் தரையில் பாய் விரித்து வட்டமாக உட்காருங்கள், நீங்களும் சேர்ந்து. நாற்காலியில் நீங்கள் உயரத்தில் இருந்தால் எல்லாப் பதிலும் உங்களை நோக்கியே வரும்.

2. எத்தனை பேர், யார் யார்

8 முதல் 10 பேர். 45 நிமிடத்தில் பேச்சுக்குக் கிடைப்பது 25 நிமிடம். 10 பேர் என்றால் ஆளுக்கு இரண்டரை நிமிடம் வரும். 20 பேர் என்றால் ஒன்றேகால் நிமிடம்தான். அதற்குள் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளை தயாராகவே மாட்டாள். ஆறு பேருக்குக் கீழே இருந்தால், இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றாலே வட்டம் கலைந்துவிடும்.

வகுப்பாசிரியர்களிடம் "நன்றாகப் படிக்கிற பிள்ளைகளாக அனுப்புங்கள்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சேரும் வட்டம் முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களின் இன்னொரு வகுப்பாகிவிடும். ஒரு பெட்டியை வைத்து, விருப்பமுள்ளவர்கள் பெயர் எழுதிப் போடட்டும். பெயர்கள் கூடிவிட்டால் பிள்ளைகள் முன்னாலேயே சீட்டு எடுங்கள்; மீதிப் பேர் அடுத்த புத்தகத்துக்கு முதல் வரிசையில் வருவார்கள் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

3ஆம் வகுப்பையும் 5ஆம் வகுப்பையும் ஒன்றாகப் போடுவது பலரும் செய்யும் தவறு. இரண்டு வருட வித்தியாசம் இந்த வயதில் பெரிது. பெரியவள் பேசுவாள், சின்னவள் தலையாட்டுவாள். அடுத்தடுத்த வகுப்புகள் சேர்ந்திருக்கலாம்.

3. ஒவ்வொருத்தியின் வாசிப்பும் எங்கே நிற்கிறது

வட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையுடனும் ஐந்து நிமிடம் தனியாக உட்காருங்கள். சோதனை என்று சொல்லவேண்டாம். "எந்தப் புத்தகம் நமக்குச் சரியாக வரும்னு பார்க்கணும், கொஞ்சம் உதவி பண்றியா?" என்றால் போதும்.

ஐந்து விரல் முறை எளியது. அவள் பார்த்திராத ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். இரண்டு மூன்று விரல் மடங்கினால் பொருத்தமான புத்தகம். ஐந்தும் மடங்கிவிட்டால் இப்போதைக்குக் கடினம்.

தமிழில் இந்த முறை ஒரு இடத்தில் ஏமாற்றும். "சென்றுகொண்டிருந்தபோதெல்லாம்" என்ற ஒரே சொல்லில் தடுக்கி விழுகிற பிள்ளைக்கு அதிலுள்ள ஒவ்வொரு துண்டும் தெரியும். சேர்த்து எழுதியதுதான் அவளைத் தடுக்கிறது. அங்கே விரல் மடக்கினால், நீங்கள் அந்தச் சொல்லைப் பிரித்து ஒருமுறை படித்துக்காட்டுங்கள். "ஓ, இதுவா!" என்றால் கணக்கில் எடுக்கவேண்டாம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், நன்றாகவே படிக்கக்கூடிய பிள்ளைகளைப் படப் புத்தகத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

கூடவே, அந்த நேரத்தில் படித்ததை வைத்து, பத்து நிமிடத்தில் எத்தனை பக்கம் போவாள் என்று கணக்கிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குழுவில் மிக மெதுவாகப் படிக்கிறவளின் வேகம்தான் பிறகு உங்கள் அட்டவணைக்கு அளவு. இந்தக் குறிப்பு உங்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும். யார் கண்ணிலும் படக்கூடாது.

4. இப்போது புத்தகம்

முதல் புத்தகம் 60 பக்கத்துக்குள் இருக்கட்டும். எழுத்து பெரிதாக, வரிகளுக்கு நடுவே இடைவெளியோடு, சில பக்கங்களுக்கு ஒரு படமாவது வருவதாகப் பாருங்கள். ஒரு புத்தகத்தை முடித்தோம் என்ற நிறைவு இரண்டு மூன்று சந்திப்புகளில் கிடைத்துவிட வேண்டும். கிடைக்காவிட்டால் நான்காவது சந்திப்புக்குப் பாதிப் பேர்தான் வருவார்கள்.

சிறுமிகளுக்கான வட்டம் என்றதும் இளவரசி, தேவதை, தோழிகள் என்று தேடத் தொடங்கிவிடுகிறோம். துப்பறியும் கதை, விண்வெளி, பாம்புகள் பற்றிய தகவல் புத்தகம், வேடிக்கைக் கதை எல்லாம் இவர்களுக்கும்தான். கதையில் சிறுமி இருந்தால் அவள் என்ன செய்கிறாள் என்று மட்டும் பாருங்கள். யாராவது வந்து காப்பாற்றும்வரை காத்திருக்கிறாளா, தானே முடிவெடுத்துத் தவறும் செய்கிறாளா? தவறு செய்யும் நாயகி கிடைத்தால் விடாதீர்கள். பேச்சு அங்கேதான் பிடித்துக்கொள்ளும்.

குழந்தை இலக்கிய ஆய்வாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில், புத்தகங்களை முகம் பார்க்கும் கண்ணாடிகள், ஜன்னல்கள், உள்ளே நுழையக்கூடிய கண்ணாடிக் கதவுகள் என்று சொன்னார். தன்னைப் பார்த்துக்கொள்ளச் சில, பிறர் வாழ்வைப் பார்க்கச் சில. ஆண்டுக்கு ஆறு புத்தகம் படிக்கப்போகிறீர்கள் என்றால் இரண்டு வகையும் அதில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை, அம்மா மட்டும் உள்ள வீட்டுப் பிள்ளை, வேலைக்குப் போகிற அக்காவின் தங்கை என ஒவ்வொருத்தியும் ஏதாவது ஒரு புத்தகத்தில் தன்னைப் பார்த்துவிட வேண்டும்.

நீங்கள் மூன்று புத்தகங்களைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகள் அதில் ஒன்றை எடுக்கட்டும். எல்லாவற்றையும் அவர்களிடமே விட்டால் சத்தமாகப் பேசுகிறவள் சொன்னதுதான் நடக்கும். நீங்களே ஒன்றைத் திணித்தால் அது இன்னொரு பாடப்புத்தகம். கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். சீட்டில் எழுதிப் போடட்டும்.

நீதியைக் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் கதையை நான் தொடுவதில்லை. பதிலைப் புத்தகமே சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்குப் பேச என்ன மிச்சம்?

5. பிரதிகள்

இரண்டு பேருக்கு ஒரு பிரதியாவது இல்லாமல் தொடங்காதீர்கள். ஒரே பிரதியைச் சுற்றுக்கு விட்டால், கடைசியில் கிடைக்கும் பிள்ளைக்குக் கதை முழுக்க முன்பே காதில் விழுந்திருக்கும்.

புத்தகம் முழுவதையும் ஜெராக்ஸ் எடுப்பது பதிப்புரிமை மீறலாகலாம். அதற்குப் பதில், திறந்த உரிமத்தில், அதாவது யாரும் படியெடுத்துப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு வரும் கதைகளைப் பயன்படுத்தலாம். குழந்தைகளுக்கான புத்தகங்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் கதைகள் உள்ளன. வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். சின்னக் கதைகள் என்பதால் முதல் இரண்டு சந்திப்புகளுக்கு மிகவும் பொருத்தம்.

ஒவ்வொரு பிரதிக்கும் எண் போட்டு, யாரிடம் எது என்று எழுதி வையுங்கள். கிழிந்தாலோ தொலைந்தாலோ என்ன செய்வது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். புத்தகம் கிழிந்த பயத்தில் வட்டத்துக்கே வராமல் நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. "கிழிஞ்சா கொண்டு வா, ஒட்டிடலாம்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

6. நீங்கள் இரண்டு முறை படியுங்கள்

முதல் முறை வாசகராக. உங்களுக்கு எங்கே சிரிப்பு வந்தது, எங்கே எரிச்சல் வந்தது என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போதும். இரண்டாம் முறை, எந்தப் பிள்ளைக்கு எங்கே கஷ்டமாக இருக்கும் என்று பாருங்கள்: மரணம், குடும்பச் சண்டை, உடல் பருமனைக் கேலி செய்யும் ஒரு வரி. முன்பே தெரிந்திருந்தால் அந்த இடத்தில் தடுமாறமாட்டீர்கள்.

பிறகு பகுதிகளாகப் பிரியுங்கள். 60 பக்கப் புத்தகம், மூன்று சந்திப்பு என்றால் ஒரு முறைக்கு 20 பக்கம். இரண்டு வாரத்தில் பத்து நாள் படிப்பதாக வைத்தால் நாளுக்கு இரண்டு பக்கம். உங்கள் நோட்டிலுள்ள மிக மெதுவான வேகத்தோடு இதை ஒப்பிடுங்கள். நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் போனால் பகுதியைக் குறையுங்கள். பகுதி முடியும் இடம் ஒரு கேள்வி தொங்கி நிற்கும் இடமாக இருந்தால் நல்லது. அத்தியாயம் முடியும் இடமாக இருக்கவேண்டும் என்றில்லை.

7. முதல் சந்திப்பு

முதல் நாளில் புத்தகத்தைப் பற்றி விளக்கவே வேண்டாம். அட்டையைக் காட்டி, "இது எதைப் பத்தின கதைன்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். வரும் ஊகங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சந்திப்பில் எடுத்துப் பார்க்கலாம். பிறகு முதல் சில பக்கங்களை நீங்களே படித்துக்காட்டுங்கள். தொடக்கப் பக்கங்களில் பெயர்களும் இடமும் புரிந்துவிட்டால் வீட்டில் தனியாகத் தொடர்வது எளிது.

விதிகளைப் பிள்ளைகளிடமே கேட்டு எழுதுங்கள். இரண்டை நீங்கள் சேர்க்கலாம்: ஒருத்தி பேசும்போது மற்றவர்கள் கேட்க வேண்டும், கதை பிடிக்கவில்லை என்றும் சொல்லலாம். இரண்டாவது விதியை எழுதினால் மட்டும் யாரும் நம்பமாட்டார்கள். அதை அவர்கள் பயன்படுத்தும் முதல் தடவை நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

எனக்கு அது பிசகியது. ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளை புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "மிஸ், எனக்கு இந்தக் கதை பிடிக்கவே இல்ல" என்றாள். "ஏன், நல்ல கதைதானே?" என்றேன். உடனே, "ஆமா மிஸ், நல்லாதான் இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு அந்த ஆண்டு முழுக்க அவள் எதையும் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை. இப்போது யாராவது அப்படிச் சொன்னால், "எந்த இடத்துல பிடிக்காமப் போச்சு, காட்டு" என்று பக்கத்தைத் திறக்கச் சொல்கிறேன். அவள் அந்த இடத்தைத் தேடி எடுக்கும்போது, மற்ற பிள்ளைகளும் தங்கள் பக்கத்தைப் புரட்டத் தொடங்கிவிடுவார்கள்.

8. 45 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது

வந்து உட்கார, பெயர் குறிக்க, நாள் எப்படிப் போனது என்று கேட்க 5 நிமிடம். நீங்கள் ஒரு பக்கம் சத்தமாகப் படிக்க 5 நிமிடம். பேச்சு 25 நிமிடம். வரையவோ நடிக்கவோ எழுதவோ 7 நிமிடம். அடுத்த பகுதியைக் குறித்துக்கொள்ள 3 நிமிடம்.

சத்தமாகப் படிப்பதை வெட்டாதீர்கள். படிக்காமல் வந்த பிள்ளையும் கதைக்குள் வந்துவிடுவது அந்த ஐந்து நிமிடத்தில்தான். பிள்ளைகளை வரிசையாகப் படிக்க வைக்காதீர்கள். தன் முறை வரும்வரை தன் பத்தியை எண்ணிக்கொண்டிருப்பவளுக்கு நடுவில் நடந்த கதை காதிலேயே விழாது.

9. கேள்வியும் மௌனமும்

"அந்தப் பையன் பெயர் என்ன?" போன்ற ஒரே பதிலுள்ள கேள்வி வட்டத்தைத் தேர்வாக்கிவிடும். புத்தகத்தைப் பார்க்காமலே பதில் சொல்லிவிடலாம் என்கிற கேள்வியும் உதவாது, "நேர்மை ஏன் முக்கியம்?" என்றால் ஒப்பித்த பதில்தான் வரும்.

பேச்சு வளர்க்கும் கேள்வி கதையின் ஒரு முடிவைத் தொட்டு நிற்கும். "பாட்டிகிட்ட அவ பொய் சொன்னா. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?" "இந்தக் கதையில யாருக்கு அநியாயம் நடந்துச்சு?" "எந்த வரியைத் திரும்பப் படிச்ச?" ஒரு சந்திப்புக்கு மூன்று கேள்வி போதும். பத்து கேள்வியோடு போனால் பத்தையும் முடிக்கத்தான் மனம் ஓடும்.

கேட்டபிறகு காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாமல் இருந்த பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி சின்னதாகத் தோன்றும். வட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது அது நெடுநேரம். நான் மனதுக்குள் ஐந்துவரை எண்ணுகிறேன்.

பதில் வந்ததும் "வெரி குட்" சொல்லாதீர்கள். ஒருத்திக்கு வெரி குட் கிடைத்தால், மற்றவர்கள் அதே பதிலை வேறு சொற்களில் சொல்வார்கள். "அப்படியா, வேற யாருக்காவது வேற மாதிரி தோணுதா?" என்று வட்டத்தின் பக்கம் திருப்பிவிடுங்கள்.

பேச்சுத்தமிழைத் திருத்தாதீர்கள். புத்தகம் எழுத்துத்தமிழில் இருக்கும். பிள்ளை நினைப்பது வீட்டில் பேசும் தமிழில். "அவ ஏமாத்திட்டா" என்று சொல்லவந்தவளை "ஏமாற்றிவிட்டாள்" என்று சொல்ல வைத்தால், சொல்லவந்ததில் பாதி அங்கேயே நின்றுவிடும்.

10. படிக்காமல் வருகிறவள்

ஒவ்வொரு முறையும் ஒருத்தியாவது படிக்காமல் வருவாள். எல்லார் முன்னாலும் "யார் யார் படிச்சீங்க?" என்று கேட்காதீர்கள். கேட்டால் பொய் சொல்லப் பழகுவாள். புக்மார்க் அட்டையில் தான் நிற்கும் பக்கத்தை எழுதி, உள்ளே வரும்போதே உங்களிடம் நீட்டட்டும். யார் எங்கே இருக்கிறார்கள் என்று உங்களுக்கு மட்டும் தெரியும். எல்லாருக்கும் எட்டிய பக்கத்திலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

தொடர்ந்து இரண்டு முறை அட்டை நகராமல் இருந்தால் தனியாகக் கேளுங்கள். வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை இருக்கும், விளக்கு வெளிச்சம் போதாமல் இருக்கும், எழுத்து மங்கலாகத் தெரிகிற கண் குறையாகக்கூட இருக்கும். காரணம் தெரிந்தால் மதிய இடைவேளையில் பத்து நிமிடம் ஒதுக்குவதோ, ஒரு தோழியோடு சேர்த்துவிடுவதோ முடியும்.

11. வாயே திறக்காதவளும் மூச்சுவிடாமல் பேசுகிறவளும்

ஆளுக்கு மூன்று புளியங்கொட்டையோ பொத்தானோ கொடுங்கள். பேசும்போது ஒன்றை நடுவில் வைக்கவேண்டும். மூன்றும் தீர்ந்தவள் மற்றவர்கள் வைக்கும்வரை கேட்பாள். நிறையப் பேசுகிறவளை நாம் அடக்கத் தேவையில்லை; அவளே யோசித்துச் செலவழிப்பாள்.

பேசாதவளை அதற்காக வற்புறுத்தாதீர்கள். முதலில் பக்கத்திலிருப்பவளோடு ஒரு நிமிடம் பேசச் சொல்லிவிட்டுப் பிறகு வட்டத்துக்கு வாருங்கள். ஒருமுறை சொல்லிப் பார்த்ததை இரண்டாம் முறை சொல்வது எளிது. சிலர் மூன்று மாதம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் புத்தகத்தைப் பிடித்திருக்கும் விதத்திலேயே உள்ளே இருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

12. வீட்டு விஷயம் வெளியே வந்தால்

கதையைப் பேசும்போது ஒரு பிள்ளை தன் வீட்டில் அடிப்பதையோ, யாரோ தொந்தரவு செய்வதையோ சொல்லிவிடலாம். வட்டத்தில் துருவிக் கேட்காதீர்கள். "சொன்னது நல்லது, முடிஞ்சதும் நாம தனியா பேசலாம்" என்று சொல்லி, சொன்னபடி பேசுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே தெரிவித்து, பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதிக் கொடுங்கள். அந்தப் பொறுப்பு யாருடையது என்பதை முதல் சந்திப்புக்கு முன்பே கேட்டு வைத்திருங்கள்.

13. கைவேலை அளவோடு

ஏழு நிமிடம் என்று எழுதியிருக்கிறேன். அதற்குமேல் போனால் வண்ணத்தாள் ஒட்டும் வட்டமாகிவிடும். ஒரு பாத்திரத்துக்குக் கடிதம் எழுதுவது, ஒரு காட்சியை வசனம் இல்லாமல் நடிப்பது, முடிவை மாற்றி ஒரு படம் வரைவது ஆகியவை கதையோடு ஒட்டியவை. தூக்கிப் பிடித்துக் காட்டும் போட்டியாக்காதீர்கள்.

14. முடிப்பதும் அடுத்ததும்

கடைசிச் சந்திப்பில் முதல் நாள் எழுதிவைத்த ஊகங்களை எடுத்து விரியுங்கள். யார் ஊகம் கதைக்குப் பக்கத்தில் வந்தது, யாருடையது கதையைவிட நன்றாக இருந்தது என்று பிள்ளைகளே பேசட்டும்.

அடுத்த மூன்று புத்தகங்களை அன்றைக்கே தரையில் பரப்பிவிடுங்கள். இடைவெளி விட்டு அடுத்த மாதம் அறிவிக்கலாம் என்று நினைத்தால் பெட்டியைப் புதிதாக வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பிள்ளைகள் புத்தகங்களைத் தொட்டு, புரட்டி, அட்டைக்குப் பின்னால் இருப்பதைப் படித்துவிட்டுச் சீட்டுப் போடட்டும். சீட்டை எண்ணும் வேலையை, அதுவரை மிகக் குறைவாகப் பேசியவளிடம் கொடுங்கள். வென்ற புத்தகத்தின் பெயரை அவள்தான் சத்தமாகச் சொல்லவேண்டும்.